சிவப்பு அடங்கும் வரை

அவளுக்கும் அவள் கணவருக்கும் பேச்சு நின்று அன்றோடு பதினெட்டு நாள். ஒரே கூரை, ஒரே பட்டறை, இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளி. நாளொன்றுக்கு நாற்பத்தெட்டு தடவை அவர் கையிலிருந்து கம்பி அவள் கைக்கு மாறியாக வேண்டும். அத்தனை தடவையும் மாறியது. ஒரு வார்த்தை மட்டும் மாறவில்லை.

சொல்லியே தீர வேண்டியவை கொழுந்தன் வழியாகப் போய் வந்தன. மாடியறையில் குடியிருக்கும் அந்தக் கொழுந்தனுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். கண்ணாடி மணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவருவது அவன் வேலை. அதில் முக்கால்வாசி பேச்சுதான் என்பதால் அவனுக்கு அலுப்பே வந்ததில்லை. ஆனால் இந்தப் பதினெட்டு நாள் அவனையே ஒரு வழி பண்ணிவிட்டது.

"அண்ணி, சாப்பாட்டுல உப்பு இல்லையாம், அண்ணன் சொல்றார்."

"உப்பு டப்பா அவர் முன்னாலதான் இருக்குன்னு சொல்லுங்க தம்பி."

"அண்ணே, உப்பு டப்பா உங்க முன்னாலதான்..."

"எனக்குக் காது நல்லாத்தான்டா கேக்குது."

அப்படிச் சொன்னாரே தவிர, அவர் கை டப்பாவை நோக்கிப் போகவில்லை. உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார். வீம்பைப் பார் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் சின்னதில்லை. ஒருநாள் மாலை ஆறரைக்கு அவளுடைய தம்பியின் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தம்பி வெளியூரில் இருக்கிறான் என்று. ஸ்கூட்டரில் போனால் நாற்பது நிமிடம். சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, திரும்ப மேசைமேல் வைத்தார்.

"பஸ்ல போயிடேன்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். பார்வை நேரம் முடிந்துவிட்டது, காலையில் வா என்று காவலாளி கதவைச் சாத்திவிட்டார். அன்று அம்மா தனியாகக் கிடந்தாள். அறுவை முடிந்து, இப்போது தம்பி வீட்டில் தேறிவருகிறாள். ஆனாலும் அந்தச் சாத்திய கதவு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர் பர்னர் முன் உட்கார்ந்து கண்ணாடிக் குச்சியை உருக்கி, களிமண் பூசிய மெல்லிய கம்பியின் நுனியில் சுற்றி மணியாக்குவார். மேலே புள்ளியும் கோடும் வைப்பார். மணி முடிந்ததும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, கம்பியை உருட்டியபடியே சற்று நேரம் பிடித்திருப்பார். கண்ணாடி அப்போது கனிந்து சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு அடங்கியதும் கம்பி அவள் கைக்கு வரும். அவள் பக்கத்தில் ஒரு மின்சாரச் சூளை. தகரப் பெட்டி அளவுதான், உள்ளே ஐந்நூறு டிகிரி. கதவை ஒரு விரற்கடை திறந்து, மணி உள்ளேயும் கம்பியின் வால் வெளியேயும் இருக்கும்படி வைக்க வேண்டும். வரிசைக்கு எட்டு, மொத்தம் ஆறு வரிசை. பின்னாலிருந்து முன்னால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஒரு மணி இன்னொரு மணியைத் தொடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. கடைசி மணி உள்ளே போன பிறகு கதவைச் சாத்தி, சூட்டை மெல்ல மெல்ல இறக்கி, மறுநாள்தான் திறப்பார்கள். அப்படி ஆறவிடாவிட்டால் எத்தனை அழகான மணியும் ஒருநாள் யார் கழுத்திலாவது தானாகவே விண்டு போகும்.

எல்லாம் அந்தச் சிவப்பில் இருக்கிறது. அடங்குமுன் வைத்துவிட்டால், இளகிய மணியின் வயிற்றில் சூளைத் தரையில் விரித்த தீப்பிடிக்காத பஞ்சு அச்சாகப் பதிந்துவிடும். அடங்கியும் தாமதித்தால் காற்றுப்பட்டு வெடித்துவிடும். எப்போது அடங்கியது என்று பார்ப்பது பர்னர் முன் இருப்பவர் பொறுப்பு. கம்பி கைமாறியபின் சூளைக்காரி பொறுப்பு. பதினோரு வருடமாக இதுதான் அவர்களுடைய சட்டம்.

அன்று காலை, அவர் தெருமுனைக்கு முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரம் பார்த்து, ரேடியோ ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான்.

"அண்ணி, உக்காருங்க."

"உக்கார்ந்துதான இருக்கேன்."

"சரி, அப்ப நான் உக்கார்றேன்." உட்கார்ந்தான். "கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார். முப்பத்தோரு மணி. வயித்துல எல்லாம் தழும்பு. துணியில படுத்து எழுந்த குழந்தை கன்னம் மாதிரி இருக்குன்னார்."

அவள் ஒரு நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உண்மைதான். நீலமும் மஞ்சளுமாக அத்தனை நேர்த்தியான மணிகள். திருப்பினால் அடியில் சொரசொரவென்று பஞ்சின் தடம். கோபத்தோடு கோத்த நாட்களில் அவள் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை.

"அண்ணன் என்ன சொல்றார்?"

ரேடியோ தலையைச் சொறிந்தான். "அவர்கிட்ட முன்னாடியே காட்டிட்டேன். நான் சொன்னேன்னு வேணாம். உங்களுக்குக் கோபத்துல கை சரியில்லையாம். கம்பியை வாங்கினதும் பொத்துனு போட்டுடறீங்களாம். பக்கத்துத் தெரு தையல்காரம்மாவை அடுத்த வாரத்திலேருந்து சூளைக்கு வரச்சொல்லிக் கேக்கச் சொன்னார். கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

"என் சூளைக்கா?"

"எனக்கு இதுல வாய் மட்டும்தான் அண்ணி, மத்ததெல்லாம் அவர்."

அவன் போன பிறகு அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கை சரியில்லையாம். ஐந்நூறு டிகிரிக்குள் நாற்பத்தெட்டு கம்பியைச் சீப்புப் பல் மாதிரி அடுக்குகிற கையை அந்த வாய் எப்படிச் சொல்லியது? சரி, கணக்காகவே காட்டிவிடலாம் என்று அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளை நிரப்பும் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். ஆறு வரிசை, எட்டுக் கட்டம். கட்டத்துக்குள் மணியின் நிறம், ஓரத்தில் அந்த வரிசையைத் தொடங்கிய நேரம், அடியில் ஏதாவது விசேஷம் இருந்தால் அதுவும். மறுநாள் மணிகளை வரிசைக்கு ஒரு நூலாகக் கோத்து, தேதியும் வரிசை எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டியே கடைக்கு அனுப்புவாள். அந்தச் சீட்டுகள் பெட்டியில் அப்படியே இருந்தன. ரேடியோ கேலி செய்வான்: "அண்ணி ரயில்ல ஏறினா, எந்தப் பெட்டியில யார் தும்மினாங்கன்னும் எழுதி வச்சிடுவாங்க."

சீட்டைப் பார்த்து, நோட்டில் தழும்பு மணிகளுக்கு ஒவ்வொன்றாகப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

சண்டைக்கு முந்தைய தேதிகளில் ஒரு வட்டமும் இல்லை. சண்டைக்கு மறுநாளிலிருந்து ஆரம்பம். அவளுக்குக் குப்பென்று முகம் சூடேறியது. அப்படியென்றால் வேண்டுமென்றே செய்கிறாரா? சிவக்கச் சிவக்கக் கையில் கொடுத்துவிட்டு, பழியை என் தலையில் போடுகிறாரா?

பிறகு வட்டங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். எல்லாம் நாலாம் வரிசைக்குப் பின், ஐந்திலும் ஆறிலும், கதவுப் பக்கம். கதவுதான் காரணமோ? ஆனால் ஒருநாள் மட்டும் வட்டம் மூன்றாம் வரிசையிலேயே தொடங்கியிருந்தது. ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'காலையில் மின்சாரம் இல்லை. பன்னிரண்டுக்குத்தான் தொடங்கினோம்.' விரலை நேரத்தின் மேல் வைத்து ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினாள். இடம் மாறியது, நேரம் மாறவில்லை. மூன்றரைக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

மூன்றரைக்குத்தான் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் அவர் மேசைமேல் விழும்.

இன்னொரு பக்கத்தில் ஆறு வரிசையும் சுத்தமாக இருந்தன. ஒரு வட்டமும் இல்லை. அடியில் அவள் கையெழுத்து: 'நாள் முழுக்க மூட்டம். துவைத்த துணி காயவில்லை.'

பென்சிலைக் கீழே வைத்தாள். வீம்புக்குச் செய்கிறவர் வெயில் பார்த்தா செய்வார்?

ஒவ்வொன்றாக வந்து நின்றது. கை போகாத உப்பு டப்பா. கண்ணாடிக் குச்சிகளை நிறம் பார்த்து எடுத்தவர், கொஞ்ச நாளாக எந்த டப்பாவில் எந்த நிறம் என்று இடம் வைத்து எடுப்பது. மேசைமேல் திரும்ப வைத்த ஸ்கூட்டர் சாவி. அன்று மாலை ஆறரை. பாதி இருட்டு, எதிரே வரும் வண்டிகள் எல்லாம் விளக்கு போட்டிருக்கும் நேரம்.

இன்னொன்றும் வந்து நின்றது, அதுதான் அதிகமாகச் சுட்டது. சண்டைக்கு முன்பெல்லாம் கம்பியை வாங்கும்போது அவள் திரும்பி மணியைப் பார்ப்பாள். "இருங்க, இன்னும் கனியுது, என்ன அவசரம், ரயிலையா பிடிக்கப் போறீங்க?" என்பாள். சும்மா விளையாட்டாகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள். பேச்சு நின்றபிறகு அவர் பக்கமே திரும்புவதில்லை. முகத்தைச் சூளைக்குக் காட்டிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். பதினெட்டு நாளாக அந்தச் சிவப்பை அவளும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

நிரபராதி என்று காட்டத்தான் நோட்டை எடுத்தாள். காட்டியாகிவிட்டது. இப்போது அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியவில்லை. ரேடியோவிடம் நீட்டினால் அரை நாளில் எல்லாக் கடைக்கும் செய்தி போய்விடும். அவர் பர்னர் முன் உட்கார்வது அத்தோடு சரி. நீட்டாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து தையல்காரம்மா, அவளுக்கோ கண்ணாடி பழக்கமில்லை. தழும்பு நூறாகும், அதற்குப் பிறகும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் வேலையைத் தொடங்கினாள்.

மூன்று வரிசை ஒரு குறையுமில்லாமல் போனது. நாலாம் வரிசையில் இரண்டாவது மணி வைக்கும்போது வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி மேசைமேல் வந்து படுத்தது. அவள் ஸ்டூலை நகர்த்தி, பதினெட்டு நாளில் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவர் ஒரு பெரிய மஞ்சள் மணி செய்துகொண்டிருந்தார். கையில் ஒரு பிழையில்லை. சுடரின் வெளிச்சத்தில் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல விழுந்தன. முடித்து, வெளியே எடுத்து, உருட்டினார். அவர் கண் மணியைப் பார்க்கவில்லை. பாதி மூடியிருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினைந்தில் கம்பி அவளை நோக்கி நீண்டது. மணியின் வயிற்றில் சிவப்பு அடுப்புக்கரி மாதிரி உயிரோடு இருந்தது. அவள் கையை நீட்டவில்லை. கம்பி காற்றில் நின்றது.

"இன்னும் அடங்கலை," என்றாள்.

அவர் திடுக்கிட்டார். பேசினதற்காகவா, சொன்னதற்காகவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "என்னது?"

"சிவப்பு. உள்ளே கனிஞ்சுக்கிட்டிருக்கு. தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதே."

"தெரிஞ்சா எதுக்கு எண்ணுறீங்க?"

வேறு யாராக இருந்தாலும் கம்பியை வீசியிருப்பார்கள். அவர் கை அதற்குப் பழகவில்லை. மணியைச் சுடரின் ஓரத்துக்கே கொண்டுபோய், வெடித்துவிடாமல் சூடு காட்டி, மெதுவாக உருட்டத் தொடங்கினார். அதையே பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு மாசம் இருக்கும். காலையில ஒரு தொந்தரவும் இல்லை. வெயில் முகத்துல பட்டாத்தான், எல்லாத்து மேலயும் பால் ஊத்தின மாதிரி ஆயிடுது. ரோட்டுல எதிர்ல ஒரு லைட்டு வந்தா பத்தாச் சிதறுது."

"அன்னைக்குச் சாயங்காலம்..."

"உன்னைப் பின்னால உக்கார வச்சு எங்கயாவது கொண்டுபோய் மோதிட்டா?"

"அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? ரெண்டு வார்த்தை. எங்கம்மா ராத்திரி முழுக்கத் தனியாக் கிடந்தா. நான் கேட்டுக்கு வெளியில நின்னேன்."

"சொன்னா நீ பர்னரை அணைச்சிருப்பே."

"அணைச்சுத்தான் இருப்பேன்."

"அதான் சொல்லலை."

கம்பி சுழன்றுகொண்டே இருந்தது. பர்னர் சீறிக்கொண்டிருந்தது.

"என் கை சரியில்லைன்னு தம்பிகிட்டச் சொன்னீங்களே. தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"முதல் தடவை நிஜமாவே நீதான்னு நினைச்சேன். கோபத்துல இருக்கே, பொத்துனு போட்டுடறியோன்னு. ரெண்டாவது தடவை சொல்லும்போது..." கம்பியை இன்னொரு சுற்று உருட்டினார்.

அவளுக்குக் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆஸ்பத்திரிக் கதவு அங்கேயே சாத்தித்தான் கிடந்தது. அதன்மேல் இன்னொன்று சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பயம். இந்த மனிதருக்குக் கண்ணாடியைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது, அதைச் செய்ய ஒரு கண்ணும் தெரியாது என்றால் என்ன செய்வது? ஆனால் மணி காத்திருக்காது.

"சரி, வெளியில எடுங்க," என்றாள். "உருட்டுங்க. இருங்க... இருங்க... எண்ணாதீங்க, நான் பாக்கிறேன்ல. இருங்க... ம், இப்ப."

கம்பி கைமாறியது. நாலாம் வரிசை, மூன்றாம் கட்டம்.

மீதி இருபத்தோரு மணியும் அப்படியே போயின. "இருங்க" என்பதும் "ம்" என்பதும் தவிர இருவரும் வேறொன்றும் பேசவில்லை. பார்க்கவும் வேண்டும், வைக்கவும் வேண்டும் என்று அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒருமுறை கதவைக் கூடுதலாகத் திறந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு நீல மணி அவள் திரும்புவதற்குள் 'டிக்' என்று விண்டு போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று செய்யத் தொடங்கினார்.

கடைசி மணி உள்ளே போகும்போது வாசலில் ரேடியோவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணி, தையல்காரம்மா திங்கக்கிழமையிலேருந்து வர்றேன்னுட்டாங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"வரட்டும் தம்பி. சூளையை அவங்க பாத்துக்கட்டும். நான் சொல்லித் தர்றேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போடணும்."

ரேடியோ அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணி மூஞ்சி எப்போது இந்தப் பக்கம் திரும்பியது என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது. "அப்ப தப்பு உங்க பக்கம்தானா அண்ணி? கடைக்காரர் கேப்பார். என்ன நடந்துச்சு, இனி நடக்காதான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நோட்டு அவள் மடியில் இருந்தது. திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை. 'என் பக்கம்தான்' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த அளவுக்கு அவள் பெரிய மனசுக்காரி இல்லை, அது அவளுக்கே தெரியும். சும்மா சூளைக் கதவை அழுத்திச் சாத்தினாள்.

அவர் பர்னரை அணைத்தார். சீறல் நின்றதும் அறை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது.

"தப்பு என்கிட்டடா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"என் கண்ணுல. அவ கையில இல்ல."

ரேடியோ வாயைத் திறந்தான், மூடினான். அவன் பேச்சில்லாமல் நின்று அவர்கள் பார்த்தது அன்றுதான். சின்னப்பிள்ளை மாதிரி, "எந்தக் கண்ணு?" என்றான்.

"ரெண்டும்தான்."

"கடைக்காரர்கிட்ட?"

"அவ என்ன சொல்லச் சொல்றாளோ அதைச் சொல்லு. இனிமே சிவப்பை அவதான் பாக்கப் போறா."

ரேடியோ அவளைப் பார்த்தான். "இன்னும் ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி," என்றாள். "நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொல்றேன். வண்டி நீங்கதான் ஓட்டணும், இவர் பின்னால உக்காருவார்."

சரி என்று தலையாட்டிவிட்டு அவன் மாடிக்குப் போனான். படியேறும் சத்தம்கூட மெதுவாகக் கேட்டது.

அவள் சூளையின் திருகைப் பார்த்து, சூடு மெல்ல இறங்கும்படி வைத்துவிட்டு, நோட்டில் அன்றைய பக்கத்தை எடுத்தாள். நேரம் எழுதும் இடத்தில் கடைசி இரண்டு வரிசைக்கும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. பதினோரு வருடத்தில் வெற்றாக விட்ட முதல் இடம் அது.

"ஆஸ்பத்திரியில நெருப்புப் பக்கமே போகாதேன்னுட்டா?" என்றார் அவர். குச்சிகளை டப்பாவில் போட்டுக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல.

"தெரியலை," என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாததை ஆறுதலுக்காகச் சொல்லும் நிலையில் அவள் இன்னும் இல்லை.

அவர் எழுந்து சூளை அருகே வந்து, கதவின் சின்ன ஜன்னல் பக்கம் குனிந்தார். பார்ப்பதற்காக அல்ல, சூடு முகத்தில் படுவதற்காக என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தப் பெரிய மஞ்சள், நல்லா வந்திருக்கா?"

அவள் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். சூட்டில் எந்த மணியும் தன் நிறத்தில் இருக்காது. மஞ்சள் செங்கல் நிறத்தில் கிடந்தது. அதற்கப்பால் சிவப்பு மணிகளெல்லாம் கருகியதுபோல இருந்தன.

"இப்ப ஒண்ணும் தெரியாது. நாளைக்கு ஆறினாத்தான்."

"நாளைக்கு நீ பாத்துச் சொல்லு," என்றார்.